உம்மா கேட்ட ஒரே கேள்வி

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு மாதமாக நானாட்டான் சந்தியில் யாரைக் கண்டாலும் இதே கதைதான். "சேர், நோர்வேக்குப் போறீங்களாமே?" ஓம் என்றால் அடுத்த கேள்வி, "ஏஜென்சிக்கு எவ்வளவு குடுத்தீங்க?" ஏஜென்சி இல்லை, பத்து நாளில் திரும்பி வருவேன் என்றால் சிரிக்கிறார்கள். ஒரு பெரியவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "தம்பி, எங்கட பக்கத்தில இருந்து நோர்வேக்குப் போன யாராவது பத்து நாளில வந்திருக்கானா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது உண்மைதான்.

ஆகவே எல்லோருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். நான் அகதி அந்தஸ்து கேட்கப் போகவில்லை. வேலைக்கும் போகவில்லை. வானத்தில் ஒரு வெளிச்சம் பார்க்கப் போகிறேன். வடதுருவ ஒளி என்று விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அரோரா என்றும் சொல்வார்கள். அல்லாஹ் நாடினால் வரும் டிசம்பர் விடுமுறையில்.

இந்த ஆசை வவுனியாவில் கல்வியியற் கல்லூரி விடுதியில் தொடங்கியது. என் அறைத்தோழன் வங்காலைக்காரன். கத்தோலிக்கன். நான் ஸுபஹுக்கு எழும்பும்போது அவனும் எழும்பி, எனக்காக லைட்டைப் போடாமல் இருட்டிலேயே செபமாலை சொல்லுவான். அவனுடைய சித்தப்பா நோர்வேயில் இருந்து வருடா வருடம் ஒரு கலண்டர் அனுப்புவார். ஒரு வருடம் டிசம்பர் மாதத் தாளில் அந்தப் படம் இருந்தது. பனி மூடிய மலை, கீழே நாலைந்து மரவீடுகள், மேலே வானம் முழுக்கப் பச்சைத் துணியைக் காயப்போட்ட மாதிரி ஓர் ஒளி. வருடம் முடிந்த பிறகும் அந்தத் தாளை நாங்கள் கழற்றவில்லை. வவுனியா வெயிலில் கரண்ட் இல்லாத மத்தியானங்களில், சேர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்போம்.

"மச்சான், ஒருநாள் போவம்" என்பான். படிப்பு முடிந்து, நியமனம் கிடைத்து, சில வருடத்தில் அங்கே வளர்ந்த பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவன் போய்விட்டான். இப்போது ட்ரொம்சோ என்ற நகரத்தில், வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை. நான் இங்கே தரம் ஒன்பதுக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு இருக்கிறேன்.

சித்தப்பாவின் கதையையும் சொல்ல வேண்டும். வங்காலையில் 1985இல் என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு புறப்பட்டவர் அவர். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் நோர்வேயின் வடக்குக் கரையில், பின்மார்க் பகுதி மீன் தொழிற்சாலைகளில் எங்கள் நாட்டுத் தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். உள்ளூர் ஆட்கள் விட்டுவிட்டுப் போன வேலை. கொட் மீனை வெட்டி, முள் எடுத்து, பெட்டியில் அடுக்குவது. அந்த நாட்டோடு எங்கள் கரைக்கு முதலில் வந்த உறவே மீன் உறவுதான். குருநகர் அன்ரனி ராஜேந்திரம் 1956இல் நோர்வே போய் மீன்பிடி படித்துவிட்டு வந்து, பின்னாளில் யாழ்ப்பாணத்தில் சீநோர் தொடங்க வழி செய்தவர். அது படிக்கப் போன காலம். சித்தப்பாவின் காலம் உயிர் தப்பப் போன காலம்.

அவரிடம் ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன், "அந்த வெளிச்சத்தை முதல் முதலாகக் கண்டது ஞாபகம் இருக்கா?" அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வேலை முடிஞ்சு வாற நேரம் அது மேல நிக்கும். நாங்கள் காலுக்குக் கீழ ஐஸ் எங்க இருக்கெண்டு பார்த்துப் பார்த்து நடப்பம். விழுந்தா அடுத்தநாள் வேலைக்குப் போகேலாது. ஊருக்குக் காசு அனுப்பேலாது. நான் ஒழுங்கா மேல பார்த்தது போய் நாலாம் வருசம்."

நாலு வருடம் தலைக்கு மேல் நின்ற ஒளியை அந்த மனிதர் பார்க்கவில்லை. அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது.

போன ஜனவரியில் வகுப்பில் நடந்த ஒன்று. புவிக் காந்தம் படிப்பித்தேன். தையல் ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்து, பிறகு காந்தத்தால் தேய்த்தேன். ஊசி வடக்குத் தெற்காகத் திரும்பி, தரைக்குச் சமமாக நின்றது. அதே ஊசிவேலையை ட்ரொம்சோவில் தோழனையும் செய்ய வைத்து வீடியோ அழைப்பில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இங்கே பதினொரு மணி, அங்கே காலை ஆறரை. அவனுடைய ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. அவன் ஊசியைத் தேய்த்துத் தொங்கவிட்டான். வடக்கு முனை தலை குத்தினாற்போல் கீழே சரிந்தது. பிள்ளைகள் "ஓ" என்று கத்திவிட்டார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

விளக்கம் இதுதான். பூமியின் காந்தப் புலக் கோடுகள் எங்கள் பகுதியில் தரைக்குச் சமமாகப் போகின்றன. காந்த நடுக்கோடு எங்களுக்குக் கிட்டத்தான் போகிறது. அதனால்தான் இந்தியா 1963 நவம்பர் 21ஆம் திகதி தன் முதல் ஆய்வு ரொக்கெட்டை விட, எங்கள் நேர் மேற்கே கேரளக் கரையில் இருக்கும் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது. துருவங்களுக்குக் கிட்ட அந்தக் கோடுகள் தரைக்குள் செங்குத்தாக இறங்குகின்றன.

சூரியனில் இருந்து மின்னேற்றமுள்ள துகள்கள் எப்போதும் வீசிக்கொண்டிருக்கின்றன. பதினைந்து கோடி கிலோமீற்றர் தாண்டி வருகின்றன. வந்தவை புலக் கோட்டைக் குறுக்கே வெட்டிப் போக முடியாது, கோடு போகும் வழியில்தான் போகலாம். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் வரம்பைத் தாண்டாமல் வாய்க்கால் வழியே வயலுக்கு இறங்குகிற மாதிரி. எங்கள் தலைக்கு மேல் வரம்பு. துருவத்துப் பக்கம் வாய்க்கால் திறந்திருக்கிறது. அங்கே இறங்கும் துகள்கள் காற்றில் மோதும்போது ஒளி வருகிறது. நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசன் பச்சை காட்டும். இருநூறுக்கு மேலே அதே ஒட்சிசன் சிவப்பு. நைதரசன் ஊதாவும் இளஞ்சிவப்பும்.

இதை முதலில் சரியாக ஊகித்தவர்களில் ஒருவர் கிறிஸ்தியான் பிர்க்லாந்து என்ற நோர்வே விஞ்ஞானி. காற்று எடுத்த கண்ணாடிப் பெட்டிக்குள் காந்த உருண்டை ஒன்றை வைத்து, மின் துகள்களைப் பாய்ச்சி, உருண்டையின் இரண்டு முனையைச் சுற்றியும் வெளிச்சம் வருவதைக் காட்டினார். 1899இல் ஆல்ட்டாவுக்குக் கிட்ட ஹால்டே மலையுச்சியில் இதற்கென்றே ஒரு அவதானிப்பு நிலையமும் கட்டப்பட்டது.

ஆக, இந்த ஒளியைப் பார்க்க உலகத்திலேயே மிகவும் வாய்ப்பில்லாத இடங்களில் ஒன்று நாங்கள் இருக்கும் இடம். 2024 மே மாதம் இருபது வருடத்தில் காணாத பெரிய சூரியப் புயல் வந்தபோது லடாக்கின் ஹன்லே வரைக்கும் சிவப்பு தெரிந்தது. அதற்குத் தெற்கே எங்களுக்கு ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டுமானால் போகத்தான் வேண்டும்.

இதைச் சொல்லி முடித்ததும் கடைசி வாங்கில் இருந்து ஒரு மகள் எழும்பினாள். "சேர், டிசம்பரில எல்லாக் குருவியும் குளிருக்குப் பயந்து அங்க இருந்து வங்காலைக்கு வருது. நீங்க மட்டும் ஏன் இங்க இருந்து அங்க போறீங்க?"

வகுப்பே சிரித்தது. நானும்தான். ஆனால் பிள்ளை சொன்னது சரியான விஷயம். எங்கள் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது எதற்காக? அங்கே வந்து இறங்கும் உள்ளான்களில் சில, கையளவு கூட இல்லாதவை, ஆர்க்டிக் வெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் சின்னக் கருவி கட்டி விட்டார்கள். அவை வட ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய், அடுத்த பருவத்துக்குத் திரும்பவும் மன்னாருக்கே வந்தன. "குருவி போய் வருதுதானே மகள், சேரும் போய் வருவன்" என்றேன். அன்றைக்குச் சும்மா சொன்ன பதில் அது.

இனி காசு விஷயம். ஊரில் அதுவும் கதைபடுகிறது, ஆகவே சொல்லிவிடுகிறேன். 2019இல் மாதச் சீட்டு ஒன்று தொடங்கினேன். 2022இல் டொலர் இருநூறில் இருந்து முந்நூற்றறுபதுக்குப் போனபோது சேர்த்த காசு பாதியாகச் சுருங்கியது. பெற்றோல் வரிசையில் நின்றபோதே இந்தக் கனவு முடிந்தது என்று முடிவெடுத்துவிட்டேன். 2023இல் சீட்டு விழுந்தது. அந்தக் காசில் உம்மாவை மாமாவோடு உம்றாவுக்கு அனுப்பினேன். அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் நிறைவுதான். பிறகு திரும்ப ஒன்றில் இருந்து தொடங்கினேன். பின்னேர வகுப்புகள், பரீட்சைத் தாள் திருத்திய காசு, மனைவி தையலில் சேர்த்தது. டிக்கெட் போக வர மூன்றரை இலட்சம் அளவில். தங்குவது தோழன் வீட்டில். மனைவிக்கு பஸ்ஸிலேயே தலை சுற்றும், விமானம் என்றால் கும்பிடு. "நீங்க போய்ப் பார்த்திட்டு வந்து எனக்குச் சொல்லுங்க, நான் கொழும்புக்குப் போய் வந்த மாதிரி கேட்கிறன்" என்றார்.

அஸருக்குப் பிறகு ஒரு பெரியவர் அக்கறையோடு கேட்டார், "தம்பி, உம்மாவை அனுப்பினது சரி. நீங்க உம்றாவுக்குப் போகாம இதுக்குப் போறது சரியா?" அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இரண்டு இரவு தூங்கவில்லை. மௌலவியிடம் போனேன். வானங்களின் படைப்பைப் பார்த்துச் சிந்திப்பவர்களை குர்ஆன் எவ்வளவு உயர்த்திச் சொல்கிறது என்று அவர் எடுத்துச் சொன்னார். பூமியில் பயணம் செய்து பார்க்கச் சொல்லியும் இருக்கிறது என்றார். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் இதை இபாதத் என்று சொல்லி யாரிடமும் தப்பிக்க மாட்டேன். எனக்கு ஆசை. பதினைந்து வருட ஆசை. உம்றாவுக்கும் நிய்யத் வைத்திருக்கிறேன், துஆச் செய்யுங்கள்.

மௌலவியிடம் நான் கேட்டது இன்னொன்றும் உண்டு: தொழுகை நேரம். ட்ரொம்சோவில் நவம்பர் கடைசிக் கிழமையில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். மத்தியானத்தில் சில மணி நேரம் நீல நிறமாக ஒரு விடியல் மாதிரி இருக்குமாம், அவ்வளவுதான். உதயமும் இல்லை, அஸ்தமனமும் இல்லை. அப்போது லுஹர் எது, மஹ்ரிப் எது?

இது புதுக் கேள்வி இல்லை என்றார் மௌலவி. தஜ்ஜாலுடைய காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம் போல நீளும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அன்றைக்கு ஒரு நாளின் தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள் என்பது பதில். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து இது. இதை வைத்துத்தான் உலமாக்கள் வழி சொல்கிறார்கள். சிலர் மக்காவின் நேரத்தை எடுக்கச் சொல்கிறார்கள், சிலர் இரவு பகல் ஒழுங்காக உள்ள அருகிலுள்ள ஊரின் நேரத்தை. ட்ரொம்சோவில் பள்ளிவாசல் இருக்கிறது. "அந்த ஜமாஅத் எதை எடுக்கிறதோ அதோட சேர்ந்துகொள்ளுங்க, நீங்க பயணி, சேர்த்துச் சுருக்கித் தொழுற சலுகையும் இருக்கு" என்று முடித்தார். வெறும் அரை மணி நேரத்தில் என் பெரிய பாரம் இறங்கியது.

படித்த இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால், 921இல், அப்பாஸிய கலீபா அல்-முக்ததிர் பக்தாதில் இருந்து வொல்கா ஆற்றங்கரைக்கு ஒரு தூதுக் குழுவை அனுப்பினார். அதில் போன இப்னு ஃபள்லான் பயணக் குறிப்பு எழுதி வைத்தார். அங்கே முதல் இரவே அவர் வானத்தில் சிவப்பு மேகங்களையும், அவற்றுக்குள் ஆளும் குதிரையும் போன்ற உருவங்கள் மோதிக்கொள்வதையும் கண்டு பயந்து துஆக் கேட்கிறார். ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். அவை ஈமான் கொண்ட ஜின்களும் கொள்ளாத ஜின்களும் சண்டை பிடிப்பது, ஒவ்வொரு இரவும் நடப்பதுதான் என்கிறார்கள். துருவ ஒளியை எழுத்தில் வைத்த முஸ்லிம்களில் அவர் ஒருவர்.

இன்னொரு நாள், பக்தாதில் இருந்து போய் அங்கே இருந்த ஒரு தையற்காரரோடு கதைத்துக்கொண்டு இஷா பாங்குக்குக் காத்திருக்கிறார். பாங்கு கேட்டு வெளியே வந்தால் விடிந்துவிட்டது. முஅத்தினிடம் கேட்டால், இது ஸுபஹ், இஷாவை மஹ்ரிபோடு சேர்த்துத் தொழுதுவிட்டோம் என்கிறார். அவர் போனது கோடையில், இரவு குறுகிய நேரம். நான் போவது பகலே இல்லாத நேரம். ஆனால் கேள்வி ஒன்றுதான். அந்தத் தையற்காரருக்கும் எனக்கும் நடுவே ஆயிரம் வருடம் இருப்பதாகவே தோன்றவில்லை.

நாள் குறித்த விதத்தையும் சொல்கிறேன். யாராவது பின்னால் போகலாம். நிலவு இல்லாத நாட்கள் நல்லது. மங்கலான ஒளியை நிலவு அமுக்கிவிடும். போயாவைத் தள்ளி, தலைப்பிறையை ஒட்டிப் பார்த்தேன். அது பாடசாலை விடுமுறைக்கும் பொருந்துகிறது. சூரியனில் புயல் கூடுவதும் குறைவதும் ஏறக்குறைய பதினொரு வருடச் சுற்று. இப்போதையது உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று 2024 ஒக்டோபரில் நாசா சொன்னது. உச்சத்துக்குப் பின்னும் ஓரிரு வருடம் வாய்ப்பு நல்லது.

ஆனால் எல்லாம் சரியாக இருந்தும் முகில் மூடினால் ஒன்றும் தெரியாது. ட்ரொம்சோ கடற்கரை ஊர். வெப்ப நீரோட்டத்தால் அவ்வளவு வடக்கில் இருந்தும் ஜனவரிச் சராசரி மறை நாலு பாகைதான், அதே கடல் முகிலையும் கொண்டு வரும். மலைக்கு அந்தப் பக்கம், பின்லாந்து எல்லையை நோக்கி ஸ்கிபொட்ன் பள்ளத்தாக்குக்குள் காரில் போனால் வானம் பெரும்பாலும் வெளித்திருக்குமாம், குளிர் இன்னும் கூட. "பத்து இரவு வா மச்சான். ரெண்டு நாள் வந்து படமெடுத்திட்டுப் போறவங்கள்தான் அழுதுகொண்டு போறவங்கள்" என்றான் தோழன். உடுப்புக்கும் அவன் சொன்னான்: உள்ளே கம்பளி, நடுவே தடித்தது, மேலே காற்றுப் புகாதது. பருத்தி பெனியன் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரும். ஜக்கெட்டும் சப்பாத்தும் அவனுடையது. போனை உள்பையில் வைக்க வேண்டும், குளிரில் பற்றறி இறங்கிவிடும். இன்னொரு எச்சரிக்கையும்: படத்தில் காணும் பச்சை எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. மங்கலானது வெறும் சாம்பல் முகில் மாதிரித்தான் இருக்கும். பலமாக வரும்போதுதான் நிறமும் ஆட்டமும். "அதால முதல் நாளே ஏமாந்து போகாத."

இனி விசா. கொழும்பில் இருந்த நோர்வே தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் விண்ணப்பத்தைக் கொழும்பிலேயே விண்ணப்ப நிலையத்தில் கொடுக்கலாம், கைரேகையும் அங்கேயே. கட்டணம் 90 யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத பயணக் காப்புறுதி வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். விசா வரும்வரை டிக்கெட்டைக் காசு கட்டி எடுக்காமல் பதிவு மட்டும் வைத்துக்கொள்வது புத்தி.

ஆவணங்களை அடுக்கும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நியமனக் கடிதம், அதிபரின் கடிதம், சம்பளப் பட்டியல், வெளிநாட்டு லீவு அனுமதி, வங்கிக் கூற்று, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். இத்தனையும் ஒரே கேள்விக்குப் பதில்: நீ திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன சாட்சி?

"காணி உறுதி இருந்தா அதையும் வை" என்றான் தோழன். உம்மாவிடம் கேட்டேன்.

உம்மா அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்து பொலித்தீன் பை ஒன்றை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் எருக்கலம்பிட்டிக் காணி உறுதி. ஓரமெல்லாம் பழுப்பு. ஒரு பக்கத்தில் உப்புத் தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது.

1990 ஒக்டோபர் கடைசியில் எங்களை வெளியேறச் சொன்னபோது உம்மாவின் வயிற்றில் நான் ஏழு மாதம். அன்றைக்கு விடிய இடியப்ப மாவுக்கு அரிசி ஊறப்போட்டிருந்தாராம். அரிசி ஊறியபடியே கிடக்க, வாப்பாவும் உம்மாவும் ஒரு பையோடு கடற்கரைக்குப் போனார்கள். வள்ளம் கிடைக்கும் வரை கரையில் மழைக்குள் இருந்தார்கள். பிறகு கடல். கற்பிட்டியில் இறங்கியபோது பையில் இருந்த உடுப்பெல்லாம் நனைந்திருந்தது. உறுதியை மட்டும் உம்மா வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தார். நானும் அந்த உறுதியும் ஒன்றாகத்தான் அந்தக் கடலைக் கடந்தோம்.

நான் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் பிறந்தேன். ஒரு கிழமையில் போய்விடலாம் என்று நினைத்து வந்தவர்கள், இருபது வருடம் அங்கே இருந்தார்கள். வாப்பா அங்கேயே மௌத்தானார். யுத்தம் முடிந்து நாங்கள் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வாசல் நிலை இல்லை. கிணறு மட்டும் இருந்தது. இந்த இடம் எங்களுடையது என்று சொல்ல அன்றைக்கும் இதே உறுதிதான் கையில் இருந்தது. இப்போது அந்தக் காணியில் தங்கச்சி சின்னதாக வீடு கட்டி இருக்கிறாள்.

யோசித்துப் பார்த்தேன். என் குடும்பத்தில் யாரும் பார்ப்பதற்காக என்று ஒரு பயணம் போனதில்லை. வாப்பா போனது துரத்தப்பட்டு. சின்ன மாமா சவூதிக்குப் போனது கடனுக்கு. என் தோழனின் சித்தப்பா போனது உயிருக்கு. அவர்களைத் துரத்தியவர்கள் வேறு, எங்களைத் துரத்தியவர்கள் வேறு. ஆனால் போனவர்கள் யாருக்கும் வானத்தைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் பெரியவர் கேட்டதில் பிழை இல்லை. எங்கள் பக்கத்தில் பயணம் என்றால் திரும்பாமல் போவது என்றுதானே அர்த்தம் இருந்தது.

நாலைந்து நாளாக உம்மாவிடம் விரிவாகச் சொல்லிப் பார்த்தேன். காந்தம், ஊசி, ஒட்சிசன், இப்னு ஃபள்லான் எல்லாம். உம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். குளிர் எவ்வளவு என்று கேட்கவில்லை. என்ன செலவு என்று கேட்கவில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்த்து என்ன கிடைக்கும் என்றும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"திரும்பி வாறதுக்கும் டிக்கெட் போட்டியா மகன்?"

பதிவுத் தாளை எடுத்துக் காட்டினேன். உம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எந்த வரி போவது, எந்த வரி வருவது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். வருகிற வரியில் தன் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு உறுதியைப் பொலித்தீனில் இருந்து எடுத்துத் தந்து, "படம் பிடிச்சுப்போட்டு இதைக் கையோட கொண்டா. அங்க குடுத்திடாத" என்றார்.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தார். பிரதிதான் கோப்பில் இருக்கிறது. மூலம் திரும்ப அலுமாரிக்குப் போய்விட்டது. நாங்கள் இங்கே உள்ளவர்கள் என்பதற்கு இரண்டு முறை சாட்சி சொன்ன காகிதம், இப்போது நான் இங்கே திரும்பி வருவேன் என்பதற்குச் சாட்சி சொல்லப் போகிறது.

அடுத்த கிழமை கொழும்புக்கு இரவு பஸ். விசா கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் பத்து இரவும் முகில் மூடலாம். அப்படி நடந்தால் வெறும் கையோடு வந்து, பிள்ளைகளுக்கு முகிலைப் பற்றிப் படிப்பிப்பேன். அதுவும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஒளி தெரிந்தால் முதலில் சித்தப்பாவுக்கு போன் எடுப்பேன். அவர் இப்போது ஒஸ்லோவில், முழங்கால் வலியோடு. "நீ பார்க்கேக்க எனக்கும் வீடியோவில காட்டு தம்பி, நானும் ஒருக்கா ஒழுங்காப் பார்க்கவேணும்" என்றிருக்கிறார். நாங்கள் போகும் நாளில் முழங்கால் விட்டால் அவரே விமானம் ஏறி வருவதாகவும் சொல்கிறார்.

நேற்று மஹ்ரிபுக்குப் பிறகு உம்மா கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். "நீ வந்து இறங்குற நாள் எந்தக் கிழமை? இதில வட்டம் போடு" என்றார். எதற்கு உம்மா என்றேன்.

"முதல்நாள் இரவு அரிசி ஊறப்போடவேணும். நீ வந்ததும் சூட்டோட இடியப்பம் அவிக்கலாம்."

வட்டம் போட்டிருக்கிறேன். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.